கூரைக்காரிக்கும் புயல்வேலனுக்கும் நடுவில் ஒருவர்

அக்காள் மகள் அம்பிகைபாகனைச் சொந்த வீட்டிலிருந்தே துரத்திவிட்டாள் என்கிறீர்களே, நீங்கள் கண்ணால் பார்த்தீர்களா? புக்கிட் பாத்தோக்கில் அந்த அடுக்குமாடிப் புளோக்கின் கீழ்த்தளத்தில், கல்மேசையைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, கோப்பி ஆறுவதற்குள் ஒரு மனிதரின் ஆயுளையே துவைத்துக் காயப்போடுகிறவர்கள் சொன்னார்கள். நீங்களும் தலையாட்டிவிட்டு வந்துவிட்டீர்கள். இரண்டு ஸ்டூடியோக்காரர்களிடமும் கை நனைத்தவர் என்கிறார்கள். ஆமாம், நனைத்தார். குவீன்ஸ்டவுன் ஸ்டூடியோவில் தேங்காய்ப்பால் ஜாம் தடவிய காயா ரொட்டி, லிட்டில் இந்தியா ஸ்டூடியோவில் உளுந்து வடை. அதற்காக ஒரு மனிதர் வருஷக்கணக்கில் ரயில் மாறி ரயில் ஏறி அலைவாரா? வடை வீட்டிலேயே கிடைக்கும். அம்பிகைபாகன் வடைக்காகவும் போகவில்லை, கெட்ட எண்ணத்தோடும் போகவில்லை. அவர் ஒரு தனி இனம். அந்த இனத்தைத் தெரிந்துகொள்ளாமல் அவரைப் பேசக் கூடாது.

நடுவில் நிற்பவர் என்று அந்த இனத்துக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். எங்கேயாவது இரண்டு பேர் முகத்தைத் திருப்பிக்கொண்டால் போதும், அந்த இரண்டு முதுகுகளுக்கும் இடையில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். சம்பந்திகள் முறுக்கிக்கொண்டால் இவர். கோயில் அன்னதானத்தில் சாம்பார் வாளி யார் கையில் என்று தகராறு வந்தால் இவர். மேல்வீட்டுக் கழியில் தொங்கும் துணி சொட்டிக் கீழ்வீட்டுத் துணி நனைந்தால், அந்த ஈரம் காய்வதற்கு முன்னால் இரண்டு வீட்டு வாசலிலும் இவர். வாயைத் திறந்தால் முதல் வாக்கியம், "நான் யார் பக்கமும் இல்ல." இரண்டாவது, "அவங்க பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல?" மூன்றாவதாக ஒன்று வைத்திருக்கிறார். அதுதான் ஆபத்தானது. அது வரும்போது வரட்டும்.

வீட்டிலும் இதே கதைதான். குழம்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று மனைவி தங்கம் கேட்டால், இருக்கிறது, இல்லை என்று ஒரு வார்த்தையில் முடியும் விஷயமா இல்லையா? முடியாது. "போட்ட உனக்கும் ஒரு நியாயம் இருக்கு, சாப்பிடற எனக்கும் ஒரு நியாயம் இருக்கு," என்று தொடங்குவார். குழம்பு ஆறிவிடும். தங்கம் உப்புப் பற்றிக் கேட்பதை நிறுத்தி வெகுகாலம் ஆகிறது.

கப்பல் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று, சின்னச் சின்னச் சண்டைகளில் காலம் தள்ளிக்கொண்டிருந்த இந்த மனிதருக்கு, ஒரு பெரிய சண்டை தானாக வந்து மடியில் விழுந்தது. குணமணி, சுந்தரம் என்று இரண்டு பேர். ஒரு காலத்தில் ஒரே தட்டில் சாப்பிட்ட சிநேகிதர்கள். சேர்ந்து ஒரு ஸ்டூடியோ வைத்து விளம்பரப் படம் எடுத்தார்கள், சித்திரக்கதைப் புத்தகமும் போட்டார்கள். அந்தப் புத்தகத்துக்குப் படம் வரைந்தவள் சிவதர்ஷினி, அம்பிகைபாகனின் அக்காள் மகள். அப்போது அவள் படித்துக்கொண்டிருந்தாள். அவள் பெற்றெடுத்த சூப்பர்ஹீரோக்கள் இரண்டு பேர், கூடப்பிறந்தவர்கள். தங்கை கூரைக்காரி, புளோக்குக்குப் புளோக் கூரை விட்டுக் கூரை பாய்வாள். ஆனால் பாய்வதற்குக் காற்று வேண்டும். அண்ணன் புயல்வேலன், வாயைக் குவித்தால் காற்று புறப்படும்; ஆனால் கிட்டப்பார்வை, எதிரி எங்கே நிற்கிறான் என்று தங்கைதான் சொல்ல வேண்டும்.

சிநேகிதர்கள் பிரிந்தார்கள். ஏன் என்பது இப்போது அவர்களுக்கே ஞாபகமில்லை. பாத்திரம் பண்டம் பிரிப்பது போல எல்லாவற்றையும் பிரித்தார்கள்; மேசை உனக்கு, ஏர்கான் எனக்கு, அண்ணன் உனக்கு, தங்கை எனக்கு. கூரைக்காரியின் படவுரிமை குணமணியோடு குவீன்ஸ்டவுனுக்குப் போனது. புயல்வேலன் சுந்தரத்தோடு லிட்டில் இந்தியாவில் ஒரு பூக்கடைக்கு மேல்மாடியில் குடியேறினான். ஆளுக்கொரு குறும்படம் எடுத்தார்கள். குணமணியின் படத்தில் கூரைக்காரி கூரை விளிம்பில் நின்று காற்று வரும் என்று காத்திருந்தாள். பார்த்தவர்களும் கூடவே காத்திருந்தார்கள். சுந்தரத்தின் படத்தில் புயல்வேலன் ஊதிய ஊதலில் கொள்ளைக்காரன் அப்படியே நிற்க, பக்கத்துப் புளோக்கின் துணியெல்லாம் பறந்தது.

பிறகு, இணையத்தில் படம் காட்டும் கம்பெனி ஒன்று சொன்னது: இரண்டு பேரும் ஒரே படத்தில் வந்தால் எடுத்துக்கொள்கிறோம், இயக்குவது வரைந்த பெண்ணாக இருக்கட்டும். சிவதர்ஷினிக்கு அன்று சந்தோஷத்தில் சாப்பாடு இறங்கவில்லை. ஜூரோங்கில் ஒரு கப்பல் பட்டறையில் அவளுக்கு வேலை. ஹெல்மெட் போடு, கைப்பிடியைப் பிடித்து இறங்கு என்று எச்சரிக்கைப் படம் வரைகிற வேலை. கூரைக்காரியை வரைந்த கை, வருஷக்கணக்காக வழுக்கி விழுகிற மனிதனையே வரைந்துகொண்டிருந்தது.

"மாமா, ரெண்டு பேர்கிட்டயும் நீங்க ஒரு வார்த்தை பேசுங்களேன்," என்றாள்.

ஒரு வார்த்தையா? யாரிடம் போய் ஒரு வார்த்தை கேட்டாள் பாருங்கள்.

முதலில் கொஞ்ச காலம் அவர் தூது. குவீன்ஸ்டவுனில் கேட்டதை லிட்டில் இந்தியாவில் சொல்வார், லிட்டில் இந்தியாவில் கேட்டதைக் குவீன்ஸ்டவுனில் சொல்வார். பொய் சொல்ல மாட்டார்; அதை மட்டும் யாரும் சொல்லிவிடக் கூடாது. விளக்கம் சொல்வார். குணமணி "சரி" என்று ஒரே சொல்லாகச் சொன்னதை ரயிலில் மனசுக்குள் புரட்டிப் புரட்டிப் பார்த்து, பூக்கடை மாடிப்படி ஏறும்போது அது இப்படி ஆகியிருக்கும்: "சரின்னுதான் சொன்னார். ஆனா மனசார சொன்ன மாதிரி தெரியல."

"மனசார சொல்லலையா? அப்ப எனக்கும் வேணாம்," என்பார் சுந்தரம்.

இது போய் அங்கே விளக்கப்படும். காயா ரொட்டி வரும்.

அப்புறம், இரண்டு பேரையும் புக்கிட் பாத்தோக்குக்கே வரவழைத்துத் தன் வீட்டு சோபாவில் உட்காரவைத்தார். நடுவில் அவர். ஒரு முழங்கை தூரத்தில் உட்கார்ந்திருக்கிற இரண்டு பேருக்கு நடுவில், வலப்பக்கம் கேட்டதை இடப்பக்கம் திரும்பி மறுபடியும் சொல்வார். சமையலறையில் தேநீர் ஆற்றி இழுத்துக்கொண்டிருந்த தங்கத்துக்கே எல்லாம் இரண்டு தடவை கேட்கும்.

"கூரைக்காரி முதல்ல வந்து இறங்கட்டும்," என்றார் குணமணி.

"கூரைக்காரி முதல்ல இறங்கணுமாம்," என்றார் அம்பிகைபாகன், சுந்தரத்திடம்.

"எனக்கும் காது இருக்கு அண்ணே. காத்து வந்தாதானே அவ வருவா? என் ஆளு ஊதாம எப்படி லா இறங்குவா?"

"ஊதாம எப்படி இறங்குவான்னு கேக்கறார். அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்குல்ல?"

இருவரும் ஒரே நொடியில் இறங்கலாம் என்று முடிவாயிற்று. அப்படியானால் கேமரா யார் முகத்தைப் பார்க்கும்? இருவருக்கும் நடுவில் பார்க்கும். நடுவில் யார் இருப்பார்? யாருமில்லை, ஒரு தண்ணீர்த் தொட்டி. சரி. வில்லனை யார் அடிப்பது? ஆளுக்குப் பாதி. கடைசி அடி யாருடையது? வில்லன் இரண்டு தடவை விழுவான், ஒவ்வொரு தடவையும் ஒருவர் அடித்து. வில்லன் சார்பில் பேச ஆள் இல்லாததால் அது சுலபமாக முடிந்தது. போஸ்டரில் யார் பெயர் மேலே என்பதற்கு மட்டும் ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது. கடைசியில் பெயர்களை வட்டமாகப் போடுவது என்றானது. எங்கே தொடங்கி எப்படிப் படிப்பது என்பது பார்க்கிறவர்கள் பாடு.

எப்படியோ, எல்லாம் கூடிவந்துவிட்டது. சிவதர்ஷினி பட்டறையில் சம்பளமில்லாத விடுப்பு ஒரு வருஷத்துக்கு வாங்கினாள். கையெழுத்துப் போடும் நாளும் வந்தது. தங்கம் கேசரி கிண்டியிருந்தாள். குணமணி பேனா மூடியைக் கழற்றிவிட்டார். சுந்தரம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். அம்பிகைபாகனுக்கு என்னவோ போல் இருந்தது. நாளைக்குக் காலையில் எழுந்து எங்கே போவது? இந்தப் பக்கத்துக்கு அந்தப் பக்கம் என்ன சொல்வது? அப்போது அவர் வாயிலிருந்து அந்த மூன்றாவது வாக்கியம் வந்தது.

"ஒரே ஒரு சின்ன விஷயம்."

எல்லோரும் அவரைப் பார்த்தார்கள்.

"கூரைக்காரி பொண்ணு. நாளைக்கு ரெண்டாம் படம், மூணாம் படம்னு போனா கல்யாணம் ஆகும். பிள்ளை பிறக்கும். பிள்ளைக்குக் காது குத்தணும். தாய்மாமன் மடியில உக்கார வச்சுத்தானே குத்தணும்? தாய்மாமன் புயல்வேலன். புயல்வேலன் சுந்தரத்தோட ஆளு. பிள்ளை குணமணியோட ஆளு. அந்தக் காதுகுத்து யாரோட படத்துல நடக்கும்?"

குணமணி பேனாவை மூடினார்.

எழுதப்படாத மூன்றாம் படத்தில், ஆகாத கல்யாணத்தில், பிறக்காத பிள்ளையின் காது. அதற்கு மாதக்கணக்கில் பேசினார்கள். மடியை வாடகைக்குத் தரலாமா என்று ஒரு பக்கம் கேட்டது. தாய்மாமன் மடிக்கு வாடகையா, என்ன மனிதர்கள் நீங்கள் என்று மறுபக்கம் கொதித்தது. மடியை மட்டும் காட்டி முகத்தைக் காட்டாமல் விடலாம் என்று ஒரு யோசனை வந்தது. பிள்ளைக்கு மாமன் பக்கத்துப் புயலும் வருமே, அந்தப் புயல் யாருக்குச் சொந்தம் என்று அம்பிகைபாகனே இன்னொரு சின்ன விஷயத்தைக் கண்டுபிடித்தார். மறுபடியும் ரயில். மறுபடியும் காயா ரொட்டி, மறுபடியும் வடை.

அவர் வேண்டுமென்று செய்தார் என்கிறீர்களா? அங்கேதான் தப்பு செய்கிறீர்கள். அக்காள் மகள்மேல் அவருக்கு உயிர். அவள் படம் வெளிவந்த பிறகு ஒரு சிக்கலும் வரக் கூடாது என்று, வராத சிக்கலையெல்லாம் தேடிப் பிடித்து முன்கூட்டியே வரவழைத்தார். இந்த இனத்தின் பாசம் அப்படித்தான் இருக்கும்.

சிவதர்ஷினியின் விடுப்பு கரைந்துகொண்டே வந்தது. கடைசி வாரத்தில் ஒரு மாலை வந்து, செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றாமல் நின்றாள்.

"மாமா, நீங்க அந்தக் காதுகுத்தை விட்டுடுங்க."

"அப்படி விட முடியுமா? உனக்குக் காது குத்தினது என் மடியில. அந்த உரிமை எப்பேர்ப்பட்டதுன்னு எனக்குத் தெரியும்."

"அன்னிக்கும் எந்தக் காதை முதல்ல குத்தறதுன்னு மத்தியானம் வரைக்கும் பேசினீங்களாம். அம்மா சொல்லியிருக்காங்க."

"ரெண்டு காதுக்கும் நியாயம் வேணும்ல," என்றார் அவர். கேலிக்காகச் சொல்லவில்லை.

அந்தச் சனிக்கிழமை இரண்டு பேரையும் அவளே வரச் சொன்னாள். வந்து சோபாவில் உட்கார்ந்தார்கள். வழக்கம்போல நடுவில் அம்பிகைபாகன். அவள் உட்காரவில்லை.

"மாமா, கொஞ்சம் வெளிய போங்க."

அவர் வலப்பக்கம் பார்த்தார், இடப்பக்கம் பார்த்தார். "யாரு சொல்லச் சொன்னா? குணமணியா, சுந்தரமா?"

"நான் சொல்றேன்."

"அவங்க மனசுல இருக்கறதைத்தானே நீ..."

"இல்ல மாமா, என் மனசுல இருக்கறது. திங்கட்கிழமை நான் பட்டறைக்குத் திரும்பணும். படம் எடுக்கணும்னா இது இன்னிக்கு முடியணும். இன்னிக்கு முடியணும்னா நீங்க இங்க இருக்கக் கூடாது."

அம்பிகைபாகன் அந்தச் சொல்லை எந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்ப்பது என்று பழக்கத்தில் யோசித்தார். அதற்கு மறுபக்கம் இல்லை. அது அவருக்கே வந்த சொல். இத்தனை காலத்தில் யாரும் அவரிடம் அவரைப் பற்றி எதுவும் சொன்னதில்லை. சொன்னதெல்லாம் அடுத்தவருக்குப் போய்ச் சேர வேண்டியது.

"எவ்வளவு நேரம் நிக்கணும்?" என்று மட்டும் கேட்டார். "திரும்ப யாரு கூப்பிடுவா? சேர்ந்து கூப்பிடுவீங்களா, இல்ல..."

"செருப்பு வெளியதான் இருக்கு," என்றாள் தங்கம், சமையலறையிலிருந்து.

போனார். சொந்த வீட்டின் கதவைத் தாண்டித் தன் காலால் நடந்து போனார். தங்கம் வந்து கதவைச் சாத்தினாள். நடைவழியில் நின்றார். உள்ளே ஒரு சத்தமும் இல்லை. அந்த மௌனத்தை அவருக்கு நன்றாகத் தெரியும். அவர் வாழ்ந்ததே அதில்தான். இனி ஆள் இல்லாமல் முடியாது, இப்போது கூப்பிடுவார்கள் என்று அழைப்புமணிப் பக்கம் கையைக்கூடக் கொண்டுபோனார்.

"சாப்ட்டியா?" என்று உள்ளே குணமணியின் குரல் கேட்டது.

"இன்னும் இல்ல. நீ?"

"காலைலேர்ந்து ஒண்ணும் இறங்கல லா."

யாரும் கொண்டுபோய்க் கொடுக்காமல், யாரும் விளக்காமல், அந்தச் சொற்கள் தாமாகவே போய் வந்தன. அதற்குப் பிறகு சிவதர்ஷினியின் குரல்: "அங்கிள், கூரைக்காரிக்குக் கல்யாணம்னு நான் எப்பவாவது வரைஞ்சிருக்கேனா?" பிறகு ஒருவர் சிரித்தார். இரண்டாமவரும் சிரித்தார். முதலில் சிரித்தது யார் என்று வெளியே நின்றவருக்குத் தெரியவில்லை. அது தெரியாமல் அவர் பட்ட பாடு எனக்கும் உங்களுக்கும் புரியாது.

மணியை அழுத்தாமல் கையை எடுத்துக்கொண்டு, மின்தூக்கிப் பக்கம் நடந்தார். அவ்வளவுதான் அன்று நடந்தது. துரத்தினாளாம். அத்தனை காலப் பேச்சில் குணமணி எதையும் விட்டுக்கொடுக்கவில்லை, சுந்தரமும் கொடுக்கவில்லை. விட்டுக்கொடுத்த ஒரே ஆள் அம்பிகைபாகன். அதைக் கல்மேசைக்காரர்கள் சொன்னார்களா?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் வீட்டிலும் முகம் கொடுத்துப் பேசாத இரண்டு பேர் இருப்பார்கள், இல்லாத வீடு ஏது. அவர்கள் நடுவில் உட்கார்ந்து, "அவ என்ன சொல்ல வர்றான்னா" என்று நீங்கள் ஒரு தடவையாவது தொடங்கியிருக்கிறீர்களா, இல்லையா? பதில் சொல்ல வேண்டாம். அடுத்த தடவை, தண்ணீர் குடிக்கப் போவது போல எழுந்து வெளியே போய்க் கதவைச் சாத்திவிட்டு நின்று பாருங்கள். கொஞ்ச நேரத்தில் உள்ளே சிரிப்புச் சத்தம் கேட்டால், தயவுசெய்து மணியை அழுத்தாதீர்கள்.