ஒன்பது அங்குலக் கீறல்

இண்டியானாவிலுள்ள எங்கள் தொழிற்சாலையின் வரலாறு சுருக்கமானது. முதலில் குதிரை வண்டி செய்தோம். பிறகு தபால் வண்டி, அதற்குப் பிறகு ராணுவ வண்டி. திடீரென்று உலகத்தில் அமைதி வந்து தொலைத்ததால், அதே ராணுவ வண்டியைப் பொதுமக்களுக்கும் விற்க ஆரம்பித்தோம்.

பெயின்ட் பிரிவில் கீறல்களைத் தேய்த்து மறைப்பது பெர்னிஸின் வேலை. ஓய்வூதியத்துக்கு இன்னும் மூன்றே வருஷம். ராணுவ ஆய்வாளர் மேஜர் ஹோல்கம் இருக்கும்வரை அவளுக்குக் கவலை இல்லை. குண்டு துளைக்கப்போகும் வண்டியில் நகக்கீறல்கூட இருக்கக்கூடாது என்பது அவர் கொள்கை.

ஒரு செவ்வாய்க்கிழமை, கதவில் ஒன்பது அங்குலக் கீறல் என்று மேஜர் ஒரு வண்டியை வேண்டாமென்று தள்ளிவிட்டார். அன்றைக்கே பல் டாக்டர் பிங்கம், எங்களிடம் வாங்கிய புது வண்டியை விற்பனைப் பிரிவிலிருந்த என்னிடம் திருப்பிக் கொண்டுவந்தார்.

"என்ன குறை, டாக்டர்?" என்றேன்.

"ஒரு கீறல்கூட இல்லைய்யா! மளிகைக் கடைக்குப் போக வாங்கினேன்னு அக்கம்பக்கத்துல நினைக்கிறாங்க."

"பின்னே எதுக்கு வாங்கினீங்க?"

"மளிகைக் கடைக்குப் போகத்தான்."

மேஜர் தள்ளிய வண்டியைக் காட்டினேன். கதவைத் தடவிப் பார்த்து டாக்டர் கண் கலங்கிவிட்டார். அடுத்த வாரம் ஊரிலிருந்த வக்கீல்களெல்லாம் கீறல் கேட்டு வரிசையில் நின்றார்கள்.

மேலாளர் பெர்னிஸைக் கூப்பிட்டார்.

"இனிமே கீறலை அழிக்க ஆள் வேண்டாம்மா. கீறத்தான் ஆள் வேணும். அனுபவம் உண்டா?"

"இருபத்தேழு வருஷமா அதைத்தானே முறைச்சுப் பார்த்துட்டிருக்கேன். என் வீட்டுச் சாவி போதும்."

இவ்வாறாகக் கீறல் மேம்பாட்டுத் துறை உதயமானது. ஒவ்வொரு கீறலுக்கும் பெர்னிஸ் கையெழுத்திட்ட சான்றிதழ் உண்டு.

உடனே வாஷிங்டனிலிருந்து சுற்றறிக்கை வந்தது: பல் டாக்டரின் வண்டியைவிட ராணுவ வண்டி பளபளப்பாக இருப்பது தேசத்தின் கண்ணியத்துக்குக் குந்தகம்; இனி அதிலும் ஒன்பது அங்குலக் கீறல் கட்டாயம். மேஜர் அளவுகோலோடு வந்து நின்றார். எட்டு அங்குலக் கீறல் போட்ட வண்டியைத் தள்ளிவிட்டார்.

"சண்டையில மீதி ஒரு அங்குலம் தானா விழுந்துடாதா, சார்?" என்றேன்.

"தானா விழுறதுக்கு அனுமதி இல்லை."

வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்துக்கொண்டே, ஊழியர் சலுகையில் நானும் ஒரு வண்டி பதிந்துவைத்தேன். என் முறை வர மூன்று வருஷம் ஆனது. வந்ததோ கீறல் இல்லாத வண்டி. பெர்னிஸ் முந்தின நாள்தான் ஓய்வு பெற்றிருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை மளிகைக் கடை வாசலில் மூன்று கார்களின் இடத்தை அடைத்து வண்டியை நிறுத்தினேன். கடைச் சாமான் ஏற்றிய ஒரு தள்ளுவண்டி வந்து கதவைக் கீறிக்கொண்டு போனது.

"கண்ணு தெரியலையா?" என்று கத்திக்கொண்டே இறங்கினேன். பெர்னிஸ்!

அவள் குனிந்து, விரித்த கையால் அளந்தாள். "ஒன்பது அங்குலம். கை இன்னும் மறக்கலை பாரு."

என் கோபம் போன இடம் தெரியவில்லை. பக்கத்தில் பிங்கம் வேறு பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தார். பேனாவை எடுத்து நீட்டினேன்.

"ஒரு கையெழுத்து போட்டுக் குடு, பெர்னிஸ்."

"நான்தான் ஓய்வு பெத்துட்டேனே. எனக்கு ஏதுய்யா அதிகாரம்?"

"அப்போ இது?"

"வெறும் கீறல்" என்று சொல்லிவிட்டு, தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு போய்விட்டாள்.