சட்டம் வரும்வரை வேலையில்லாதவள்

அரசியல் கூட்டங்களில் பொதுமக்கள் எழுந்து கேட்கும் கேள்விகளை யாரோ உட்கார்ந்து எழுதுகிறார்கள். ஒரு தேர்தலில் அந்த யாரோ நான்தான்.

கணினிப் பொறியியல் முடித்து வீட்டில் இருந்த காலம். காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் பகுதிக் கட்சிப் பொறுப்பாளர் குமரவேல் அண்ணன் வந்தார்.

"ஆட்சிக்கு வந்ததும் சட்டசபையில மொதல்ல மூணு சட்டம்மா. வேலை, வைத்தியம், பொருளாதாரம். ஜனங்க கேக்குற மாதிரி, வேட்பாளர் பதில் சொல்ற மாதிரி எழுதிக் குடு. மெட்ராஸ் ஆபீஸ்ல கம்ப்யூட்டர் வேலை உனக்குத்தான்."

அந்த 'உனக்குத்தான்'ஐப் பணி நியமன ஆணையாகவே எடுத்துக்கொண்டேன். (அனுபவமில்லாதவர்கள் அப்படித்தான்.)

கேள்விக்கு ஓர் ஆள், அவர் வராவிட்டால் மாற்று ஆள், மைக் எந்தப் பக்கமாகப் போக வேண்டும் என்பதுவரை அட்டவணை போட்டேன். மருத்துவக் கேள்விக்குரியவர் கூட்டத்தன்று காலை, புடவைக்கான பாவு நூலைத் தெருவில் நீட்டிக் கட்ட ஆள் குறைகிறது என்று போய்விட்டார். பாவுக்குக் கூப்பிட்டால் எங்கள் தெருவில் கல்யாணமே காத்திருக்கும், சட்டசபை எம்மாத்திரம்? மாற்று ஆள், என் அம்மா.

"ஆஸ்பத்திரியில ராத்திரி டாக்டர் இருக்க சட்டம் வருமான்னு மட்டும் கேளுமா."

"தெரியும், போடி."

வேட்பாளர் வேலைவாய்ப்புச் சட்டத்தை முழங்கி முடித்தார். மைக் அம்மா கைக்குப் போனது. மேடையில் பெரிய மனிதர் இருக்கும்போது மனு கொடுக்காமல் திரும்புவது எங்கள் ஊர் வழக்கமில்லை என்பதை என் அட்டவணை கணக்கில் எடுக்கவில்லை.

"ஐயா, டாக்டரு அப்புறம் வரட்டும். தோ, லேப்டாப் வெச்சிக்கினு குந்திக்கினு இருக்குது பாருங்க, அது எம் பொண்ணு. இஞ்சினீரு. வூட்லதான் இருக்குது. நீங்க பேசினதெல்லாம் அதுதான் எழுதிக் குடுத்துது. அதுக்கு மொதல்ல ஒரு வேலை போட்டுக் குடுங்க."

"அப்போ பதிலும் அந்தப் பொண்ணே சொல்லட்டும்பா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல். அன்றைக்கு யாரும் சொல்லிக் கொடுக்காமல் எழுந்த ஒரே கைதட்டல் அதற்குத்தான்.

வேட்பாளர் பழம் தின்று கொட்டை போட்டவர். என்னை மேடைக்கு அழைத்து, தன் தோளில் கிடந்த பொன்னாடையை எனக்குப் போர்த்தி, "இந்தத் தங்கைக்காகத்தான் அந்தச் சட்டம்!" என்றார். படம் எடுத்தார்கள்.

மறுநாள் பஸ் ஸ்டாண்டிலிருந்து சின்ன காஞ்சிபுரம் வரை நான் ஃப்ளெக்ஸில் தொங்கினேன். 'வேலையில்லாத் தங்கை.' பாதி மூடிய கண், முழுதாகத் திறந்த வாய். அந்த முகத்துக்கு நானே வேலை கொடுத்திருக்க மாட்டேன்.

குமரவேல் அண்ணனிடம் ஓடினேன். "அண்ணா, மெட்ராஸ் வேலை?"

"எப்டிமா? இப்போ நீ வேலைக்குப் போனா ஃப்ளெக்ஸ் பொய்யாயிடும். எதிர்க்கட்சிக்காரன் வுடுவானா? எலெக்‌ஷன் வரைக்கும் இப்டியே இரு."

அதில் பிழை தேடினேன். கிடைக்கவில்லை. அதுதான் அதிகம் வலித்தது.

இடையில் ஒரு சின்ன கம்பெனியில் நேர்காணல். ஏனாத்தூரிலிருந்து தினமும் பஸ் ஸ்டாண்ட் வழியாக வரும் அதிகாரி என்னை உற்றுப் பார்த்தார். "ஃப்ளெக்ஸ்ல இருக்குறது நீங்கதானே? உங்களுக்குத்தான் கட்சி ஏற்பாடு பண்ணுதே, இங்க எதுக்கு?"

கட்சி தோற்றது. சட்டம் வரவில்லை. இப்போது ஓர் ஒப்பந்த வேலையில் இருக்கிறேன். சில மாதங்களுக்கு ஒருமுறை அது முடியும். புதுப்பிப்பார்களா என்று தெரியாமல் வீட்டில் தட்டின் முன் உட்கார்ந்திருப்பேன். அம்மா சோறு போடுவாள். அப்பாதான் குழம்பை என் பக்கம் தள்ளியபடி கேட்பார்:

"இன்னாமா, உங்கம்மா கையில மைக்கைக் குடுக்கட்டா?"