முழங்காலுக்குப் பத்து நாள்

இன்னாசிராஜ் கண் விழித்தபோது, மின்விசிறிக்கும் அவருக்கும் நடுவில் நர்ஸ் ஐஸ்வர்யாவின் முகம் தெரிந்தது.

"ரத்தம் எடுத்தது உங்க வூட்டம்மாவுக்கு. விழுந்தது நீங்க," என்றாள் அவள். "காலையில சாப்ட்டீங்களா?"

"சாப்ட்டேன்மா. அந்தக் குழாயைப் பாத்தனா, அதோட சரி."

மாதா கோயில் திருவிழாவுக்கு வருடம் தவறாமல் கிடா வெட்டுகிறவர் அவர். மனைவி ராயம்மாளின் கையிலிருந்து விரல் நீளக் குழாயில் ரத்தம் ஏறியதைப் பார்த்ததும் சாய்ந்துவிட்டார். தருமபுரி எலும்பு ஆஸ்பத்திரியின் பெஞ்சு அவரைத் தாங்கிக்கொண்டது.

போன வாரமே டாக்டர் விளக்கியிருந்தார். ராயம்மாளின் ரத்தத்தையே எடுத்து, எந்திரத்தில் சுற்றி, தட்டணுக்கள் நிறைந்த மஞ்சள் நீரை மட்டும் பிரித்து, தேய்ந்த முட்டியில் ஊசியாகப் போடுவது. பாலிலிருந்து கிரீம் பிரிப்பது போல என்று இன்னாசிராஜ் புரிந்துகொண்டார். முட்டி புதிதாகிவிடாது, வலி குறையலாம், அதற்கும் கேட்காவிட்டால் பிறகு ஆபரேஷன் என்றார் டாக்டர். அந்தக் கடைசிச் சொல்லைக் கேட்ட நாளிலிருந்து இன்னாசிராஜுக்குச் சோறு இறங்கவில்லை. இந்த ஊசி வீணாகக் கூடாது. அது ஒன்றுதான் அவர் வேண்டுதல்.

அரை மணி கழித்து ராயம்மாள் டாக்டரின் அறையிலிருந்து வெளியே வந்தாள். முழங்கையின் மடிப்பில் ஒரு பஞ்சு.

"ஆச்சா?"

"ஆச்சு. வாங்க போலாம்."

அவர் எழுந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார். படியில் இறங்கும்போதும் விடவில்லை, தெருவிலும் விடவில்லை. கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடத்தில் நாலு பேர் பார்க்க அவர் அவள் கையைப் பிடித்தது அன்றுதான். ராயம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு மூடிக்கொண்டாள்.

ஆட்டோவில் கேட்டார். "டாக்டரு என்னா சொன்னாரு?"

"பத்து நாளைக்கு வலி மாத்திர தொடக் கூடாதாம். அப்பறம் வரணுமாம்."

"நடக்கலாமா?"

ராயம்மாள், இன்னும் விடாமலிருந்த அந்தக் கையைப் பார்த்தாள்.

"நடந்தா... அவ்ளோ நல்லதில்லயாம்."

"அப்ப காலு தரையில படக் கூடாது. நான் பாத்துக்கறேன்."

இண்டூர் பக்கத்திலிருந்த அவர்கள் வீட்டில் அன்று மாலையே வேலை தொடங்கியது. இன்னாசிராஜ் களி கிண்டினார். கட்டிலில் சாய்ந்தபடி ராயம்மாள் சொன்னாள், "அடுப்பக் கொறச்சிட்டு மாவக் கொட்டுங்க."

"கொட்டிட்டனே!"

களி பாத்திரத்தை விட்டு வர மறுத்தது. பலமாக ஒரு சுற்றுச் சுற்றியதில் துடுப்பு இரண்டாக முறிந்தது. ஓடிப்போய் பஸ் ஸ்டாப் கடையில் பரோட்டா வாங்கி வந்தார். பரோட்டா ராயம்மாளின் வயிற்றைக் கலக்கியது. கொல்லைக்கோடியிலிருந்த கழிப்பறைக்கு ஏழு முறை போக வேண்டியதாயிற்று. ஏழு முறையும் அவர் தாங்கிக்கொண்டு போனார். ஏழாவது முறை அவர் இடுப்பில் ஏதோ கடக்கென்றது.

மறுநாள் பக்கத்து வீட்டு மாரியப்பன் யோசனை சொன்னான். "எங்கிட்ட சக்கரம் வெச்ச ஆபீஸ் சேர் கெடக்குதுண்ணா. ஒக்கார வெச்சித் தள்ளுங்க."

நல்ல யோசனைதான். ஆனால் வாசல் மாட்டுக்கொட்டாயை நோக்கிச் சரிந்திருந்தது. இன்னாசிராஜ் கதவைச் சாத்தத் திரும்பிய நேரத்தில் நாற்காலி ராயம்மாளோடு தானாகவே கிளம்பிவிட்டது.

"ஏங்க! ஏங்க! இது எங்கியோ போவுதுங்க!"

வைக்கோல் போரில் முட்டி நின்றது. ராயம்மாளுக்கு ஒன்றும் ஆகவில்லை. பசுதான் மிரண்டுபோனது. அன்றிலிருந்து இன்னாசிராஜ் பக்கத்தில் போனாலே உதைத்தது.

"அது என் பொடவயத்தான் அடையாளம் வெச்சிருக்குது," என்றாள் ராயம்மாள் கட்டிலிலிருந்து.

வேறு வழியில்லை. நான்காம் நாள் காலை, அவளுடைய பழைய நீலப் புடவையை லுங்கி மேலேயே சுற்றி, முக்காடும் போட்டு, வாளியோடு குந்தினார். பசு முகர்ந்து பார்த்துவிட்டு அனுமதித்தது. முக்கால் வாளி நிறைந்தபோது பின்னால் குரல் கேட்டது.

"ராயம்மா, நடக்கவே முடியலன்னு சொன்னாங்க. இங்க பால் கறக்கிறீங்க?"

மாதா கோயில் பங்குச் சாமியார். நோயாளிக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுக்க வந்திருந்தார்.

இன்னாசிராஜ் முக்காட்டை விலக்கினார். "ஸ்தோத்திரம் சாமி."

சாமியார் சிரிப்பை விழுங்க வெகுபாடு பட்டார். உள்ளே போனதும், ராயம்மாள் என்றுமில்லாமல் நன்மை வேண்டாம் என்றாள்.

"வவுறு சரியில்ல சாமி."

"சரிம்மா. பாவம் ஏதாவது சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமா?"

அவள் வாசலில் புடவையோடு நின்ற கணவனைப் பார்த்தாள். "நடக்க ஆரம்பிச்சதும் கோயிலுக்கே வந்து பண்றேன் சாமி."

எல்லாம் அந்தப் பரோட்டா செய்த வேலை என்று இன்னாசிராஜ் வருந்தினார்.

இடுப்பு நிமிராமல் போகவே, காரிமங்கலத்திலிருந்து கொழுந்தியாள் சகாயமேரியை வரவழைத்தார். அவள் பையிலிருந்து முதலில் எடுத்தது தைல பாட்டில்.

"முட்டியக் காட்டுக்கா. நாலு தேய் தேச்சா ஓடிப் போயிரும்."

"தொடாத!" என்று இன்னாசிராஜ் குறுக்கே பாய்ந்தார். "உள்ள மருந்து வேல செய்யுது."

"எங்க மாமா, ஊசி குத்துன எடத்தயாவது காட்டச் சொல்லுங்க."

ராயம்மாள் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டாள். "அவரு சொல்றதக் கேளுடி."

"ஓஹோ. ரெண்டு பேரும் ஒண்ணாயிட்டீங்க. நான் யாரு நடுவுல?" சகாயமேரி மதிய பஸ்ஸிலேயே திரும்பிப் போனாள். போகிற போக்கில் சமைத்து வைத்திருந்த குழம்பையும் தூக்குவாளியோடு எடுத்துக்கொண்டு போனாள்.

எட்டாம் நாள் மாலை, வேலையெல்லாம் ஓய்ந்து இன்னாசிராஜ் கட்டிலடியில் வந்து உட்கார்ந்தார். அவருடைய கால்களே வீங்கியிருந்தன.

"தெனமும் கொட்டாய்க்கும் அடுப்புக்கும் எத்தன நடை நடப்ப நீ?"

"யாரு எண்ணுனா?"

"இந்த முட்டிய வெச்சிக்கிட்டு எப்பிடித் தாங்குன?"

"மாத்திரதான். மூணு வருசமா."

"எங்கிட்டச் சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னேன். நீங்க டிவி சத்தத்தக் கூட்டி வெச்சீங்க."

அவர் எழுந்து போய் வெந்நீர் கொண்டுவந்தார். அவள் பாதங்களைத் தாம்பாளத்தில் வைத்து, வெடிப்பில் ஒட்டியிருந்த மண்ணை விரலால் தேய்த்துக் கழுவினார். ராயம்மாள் புடவையை முட்டிக்குக் கீழே இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"என்னாங்க இது, பெரிய வியாழக்கெழம காலு கழுவற சாமியாரு மாதிரி?"

"காலக் காட்டு. பேசாத."

அவள் கண்ணை முந்தானையால் துடைத்துக்கொண்டாள். வலிக்கிறது போல என்று நினைத்து அவர் இன்னும் மெதுவாகத் தேய்த்தார்.

பதினோராம் நாள் காலை இருவரும் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். இடுப்பில் பெல்ட்டோடு நொண்டிக்கொண்டு வந்த இன்னாசிராஜுக்காக, ராயம்மாள் படியில் நின்று கை நீட்ட வேண்டியிருந்தது.

ஐஸ்வர்யா சிரித்தாள். "வாங்கய்யா. இன்னிக்கும் விழுந்துருவீங்களா?"

"இன்னிக்கு எதுக்கும்மா விழறேன்?" இன்னாசிராஜ் நெஞ்சை நிமிர்த்தப் பார்த்தார், பெல்ட் விடவில்லை. "பத்து நாளும் தரையில கால் படாம வெச்சிருந்தேன். களி, பாலு, தண்ணி எல்லாம் நானேதான். நீங்க போட்ட ஊசி ஒரு சொட்டு வீணாகல. வேணும்னா முட்டியப் பாருங்க."

ராயம்மாள் திடீரென்று சுவரிலிருந்த எலும்புக்கூட்டுப் படத்தை உற்றுப் பார்க்கத் தொடங்கினாள்.

ஐஸ்வர்யா சீட்டைப் புரட்டினாள், அவரைப் பார்த்தாள், மறுபடியும் சீட்டைப் பார்த்தாள்.

"என்னாங்கய்யா சொல்றீங்க? ஊசி இன்னிக்குத்தான போடப் போறோம்! அன்னிக்கு டெஸ்டுக்கு ரத்தம் மட்டும் எடுத்துக்கிட்டு, பத்து நாளு வலி மாத்திரய நிறுத்திட்டு, எப்பவும்போல வேல செஞ்சிக்கிட்டிருங்கன்னுதான் அம்மாகிட்ட சொல்லி அனுப்புனோம்."