கொல்லைப்புறத்தில் சகாரா

சகாராப் பாலைவனத்தைக் கோணிச் சாக்கில் கட்டி, மூன்று சக்கர டிரைஷாவில் ஏற்றி, வீட்டு வாசலில் இறக்கிய மனிதரை நீங்கள் பார்த்திருக்க வாய்ப்பில்லை. நான் பார்த்திருக்கிறேன். மலாக்காவில், காஜா பெராங் சாலையில், பட்டப்பகலில். மொத்தம் ஒன்பது சாக்கு. டிரைஷாக்காரர் மூன்று நடை அடித்தார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். எங்களுக்குத் தெரிந்ததெல்லாம் ‘டிகிரி’தான். பத்து பெரெண்டாம் விமானத் திடலில் வானிலை அளக்கும் வேலை. பாரன்ஹீட் வெப்பமானியைப் பார்ப்பது, மழை பிடிக்கும் செம்புக் குவளையை அளப்பது, நோட்டில் எழுதுவது. மற்றவர்களுக்கு வேலை சாயங்காலத்தோடு முடிந்துவிடும். இவருக்கு முடியாது. எதிரில் வருகிறவர் “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டால், “எண்பத்திரண்டு டிகிரி, ஆனா காத்துல ஈரம் ஜாஸ்தி” என்று பதில் வரும். பெயர் அப்படித்தான் ஒட்டிக்கொண்டது.

அப்போது எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டுக்காரர் தபால் நிலையத்தில் குமாஸ்தா. ஒரு பலகை வீட்டின் முன்பாதியில் நாங்கள், பின்பாதியில் ஓர் அறையில் டிகிரி. வீட்டின் சொந்தக்காரி ஒரு செட்டிச் சமூகத்து அம்மாள். நானூறு ஐநூறு வருஷமாக மலாக்காவில் வேர்விட்ட குடும்பம். நெற்றியில் திருநீறு, இடுப்பில் சாரோங், வாயில் மலாய். எங்கள் தமிழ் அவருக்குப் பாதி புரியும், அவர் மலாய் எனக்குப் பாதி புரியும். மீதிப் பாதியைக் கைகளால் பேசிக்கொள்வோம். எல்லோருக்கும் அவர் மக்சிக், மலாயில் அத்தை.

டிகிரியால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து போய் வானத்தைப் பார்ப்பார். முடிவெட்டப் போன இடத்தில் பாதித் தலையோடு எழுந்து வெளியே ஓடியிருக்கிறார், இடி எந்தத் திசையில் என்று பார்க்க. என்னதான் தேடுகிறார் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“எங்கப்பா ராமநாதபுரத்துக்காரர், அக்கா. மழை வரலைன்னு கப்பலேறினவர். இங்க வந்து இறங்கினா மழை நிக்கல. நனைஞ்சுக்கிட்டே வேலை செஞ்சு நெஞ்சுச் சளியில போய்ச் சேர்ந்துட்டார். ஒரே ஆளு, ரெண்டு வானம். ஏன் அங்க அப்படி, இங்க இப்படின்னு கேக்கத் தோணுமா, தோணாதா?”

எனக்குத் தோன்றியதில்லை. ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் பேசும்போது நான் குறுக்கே சிரிப்பதைக் குறைத்துக்கொண்டேன்.

மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், வரப்போகிற மாதங்கள் அவை. தெருவில் ஒவ்வொரு கூட்டமும் எதையாவது செய்துகொண்டிருந்தது. ஒருவர் வளைவு கட்டினார், ஒருவர் நாடகம் போட்டார். எங்கள் தெரு இளைஞர் சங்கத்தார் டிகிரியிடம் வந்து, “அண்ணே, நீங்க என்ன செய்யப் போறீங்க?” என்று விளையாட்டாகக் கேட்டார்கள்.

“உலகத்தைக் காட்டுறேன்” என்றார் டிகிரி. “நாடு புதுசாப் பொறக்குது. உலகத்துல நாம எங்க இருக்கோம்னு தெரிய வேணாமா?”

கொல்லைப்புறம்தான் உலகம். கிணறு பூமத்திய ரேகை. பின்வேலியோரம் நிழலாக நின்ற பலாமரத்தடி வட துருவம். நடுவில் புல்வெளியும் பாலைவனமும். எந்த வெயிலுக்கு எந்தச் செடி, எந்த மழைக்கு எந்த மிருகம் என்று கிணற்றிலிருந்து வேலிவரை நடந்தாலே தெரிந்துவிட வேண்டும். தஞ்சோங் கிளிங் கடற்கரையிலிருந்து மணல் வந்தது அப்படித்தான்.

சகாராவின் முதல் குடிமக்கள் மக்சிக்கின் மூன்று பூனைகள். மணலைக் கொட்டிய அரைமணி நேரத்தில் அவை வந்து தங்கள் காலைக்கடன்களை அங்கேயே முடித்து, ஒழுங்காக மூடிவிட்டும் போயின. இடம் அவற்றுக்கு மிகவும் பிடித்துவிட்டது. டிகிரி கொல்லையில் குச்சியோடு காவல் நின்றார்.

அடுத்தது மழை. பாலைவனத்தில் மழை பெய்யக்கூடாது அல்லவா? நான்கு கம்பு நட்டு மேலே தகரம் போட்டார். சீனக் கடையில் வாங்கி வந்த இரண்டு கள்ளிச்செடிகளுக்குத் தனியாக ஒரு குடை வேறு விரித்தார். அது என் வீட்டுக்காரருடைய குடை. அவர் நனைந்துகொண்டு வேலைக்குப் போனார். கள்ளி காய்ந்த இடத்தில் நின்றது. அப்படியும் இரண்டு வாரத்தில் கள்ளி அடியிலிருந்து அழுகிப் போனது.

“மேல மழை படலையே டிகிரி?” என்றேன்.

“காத்துல இருக்கே அக்கா ஈரம்! தகரத்தைப் போட்டா மழைதான் நிக்குது, காத்து நிக்குதா?” என்று நெற்றியில் அடித்துக்கொண்டார். பிறகு, அந்தத் துக்கத்திலும், விளக்க ஆரம்பித்துவிட்டார். “இங்க வெயில் நேரா அடிக்குதா, காத்து சூடாகி மேல போவுது. போற வழியில ஈரத்தையெல்லாம் நம்ம தலையிலயே கொட்டிடுது. அப்புறம் வெறுங்கையோட ரொம்ப தூரம் போயி, சகாராப் பக்கம் கீழ இறங்குது. அதான் அங்க பாலைவனம்.”

“நம்ம காத்தா?”

“நம்ம காத்துதான்.”

எனக்குக் கொஞ்சம் குற்ற உணர்ச்சியாகக்கூட இருந்தது.

ஆப்பிரிக்கப் புல்வெளிக்கு லாலாங் புல்லைப் பிடுங்கி வந்து நட்டார். அதைப் பக்கத்து வீட்டு ஆடு ஒரே காலையில் மேய்ந்து முடித்தது. நான் பதறிப்போய்ச் சொல்ல, டிகிரி ஓடி வந்து பார்த்தார். ஆட்டைத் துரத்துவார் என்று பார்த்தால், கைகட்டி நின்று ரசித்தார். “புல்வெளின்னா மேயிற மிருகம் வேணும் அக்கா. இல்லைன்னா மரம் வந்துடும். இப்பத்தான் ஆப்பிரிக்கா முழுசாச்சு.”

வட துருவத்துக்கு ஐஸ் தொழிற்சாலையிலிருந்து கட்டி கட்டியாக வரவழைத்து, மரத்தூளில் புதைத்து, மேலே பாசியைப் பரப்பினார். துருவம் தினமும் மத்தியானத்துக்குள் உருகி, சாய்வில் ஓடிச் சகாராவில் சேர்ந்தது. மறுநாள் புதுத் துருவம் வந்தது. மக்சிக் பின்வாசலில் நின்று, “கீலா! கீலா!” என்று பைத்தியப் பட்டம் கட்டினார். ஆனாலும் கொல்லையைக் காலி செய் என்று அவர் சொல்லவே இல்லை.

இந்த நேரத்தில்தான் என் வீட்டுக்காரருக்கு ஒரு நல்லெண்ணம் பிறந்தது. குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் கிராணி, அதாவது தோட்டத்து ஆபீஸ் கணக்கர், தபால் நிலையத்துக்கு வருகிறவர், தன் மகளுக்கு மாப்பிள்ளை தேடினார். மகள் சரஸ்வதி தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆசிரியை. என் வீட்டுக்காரர் டிகிரியைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்.

“என்னன்னு சொன்னீங்க?” என்றேன்.

“கவர்மெண்டு உத்தியோகம், நல்ல ஆளு, எல்லாரும் டிகிரின்னுதான் கூப்பிடுவாங்கன்னேன்.”

“அவர் என்ன சொன்னார்?”

“டிகிரி மாப்பிள்ளையான்னு ரொம்ப சந்தோஷப்பட்டாரு. ஞாயித்துக்கிழமை வர்றாங்க.”

அதே ஞாயிற்றுக்கிழமைதான் உலகத் திறப்பு விழா.

அன்று விடியற்காலையில் சுமத்ராப் பக்கத்திலிருந்து கடலைக் கடந்து ஒரு காற்றுமழை வந்தது. மலாக்காவாசிகளுக்குத் தெரியும், அது வந்தால் சொல்லிக்கொண்டு வராது. சகாராவின் தகரம் பறந்து பக்கத்து வீட்டுத் தென்னையில் மாட்டிக்கொண்டது. ஒன்பது சாக்கு மணலும் கரைந்து ஆப்பிரிக்காவின் மேல் ஓடியது. மரத்தூள் மொத்தமும் கிணற்றைச் சுற்றி மிதந்தது. வெளிச்சம் வந்தபோது டிகிரி முழங்கால் சேற்றில், கையில் ஒரு பெயர்ப்பலகையோடு நின்றுகொண்டிருந்தார். ‘இங்கு மழை பெய்யாது’ என்று எழுதியிருந்தது.

பத்து மணிக்குக் கிராணி ஐயா வெள்ளைக் கால்சட்டை, கார்க் தொப்பி சகிதம் வந்து இறங்கினார். பின்னால் சரஸ்வதி. கூடவே உலகத்தைப் பார்க்கத் தெருவே வந்து நின்றது. மக்சிக் விருந்தாளிகளைக் கண்டதும் மிச்சமிருந்த வட துருவத்தைக் கழுவி, உடைத்து, சிவப்புச் சர்க்கரைச் சிரப்பில் போட்டு எல்லோருக்கும் கொடுத்துவிட்டார்.

டிகிரி அவசரமாகக் கால் கழுவிக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தார். உட்கார்ந்தார் என்றால், நாற்காலியின் நுனியில்.

கிராணி ஐயா தொண்டையைக் கனைத்தார். “தம்பி, நேரா விஷயத்துக்கு வர்றேன். டிகிரி என்ன?”

டிகிரியின் முகம் மலர்ந்தது. தன்னிடம் அதை யாரும் தானாகக் கேட்டதே இல்லை. “எழுபத்தாறு ஐயா.”

“எழுபத்தாறா? எழுபத்தாறு மார்க்குல பாஸா?”

“நேத்து மத்தியானம் எண்பத்தெட்டு இருந்துச்சு. காலையில மழை அடிச்சதுல இறங்கிடுச்சு.”

“இறங்கிடுச்சா! வாங்கின டிகிரி எப்படிய்யா இறங்கும்?”

“தினமும் ஏறி இறங்கும் ஐயா. மத்தியானத்துக்குள்ள ஏறிடும், பயப்படாதீங்க.”

என் வீட்டுக்காரர் சிரப்புக் குவளையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார். நான்தான் நடுவில் புகுந்து உண்மையைச் சொன்னேன். அவர் பட்டதாரி இல்லை, பள்ளி இறுதிப் பரீட்சை வரைதான், டிகிரி என்பது வெயில் அளவு. கிராணி ஐயா தொப்பியை எடுத்தார். “எழுந்திரு சரசு. போலாம்.”

சரசு அங்கே இல்லை. கொல்லையில் சேற்றில் நின்றுகொண்டிருந்தாள், செருப்பைக் கையில் பிடித்தபடி. நாங்கள் எல்லோரும் பின்னால் போனோம்.

துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில், சாக்கடை ஓரமாக, அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த மூலையில் பெரணி இடுப்புயரம் நின்றது. பழைய பலகையில் காளான் வரிசையாகப் பூத்திருந்தது. சின்னத் தவளைகளும் எறும்புச் சாரையும் இருந்தன, ஒரு கொடி கல்லைச் சுற்றி ஏறியிருந்தது. புயலில் அதில் ஓர் இலைகூட உதிரவில்லை.

“இது எந்த நாடு?” என்றாள்.

“அது… நான் வைக்கலீங்க” என்றார் டிகிரி. “தானா வந்தது.”

“நீங்க வச்சதெல்லாம் போயிடுச்சு. வைக்காதது நிக்குது.”

டிகிரி அந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகம் வாடியிருந்தது.

சரஸ்வதி தொடர்ந்தாள். “எனக்கு ஒண்ணு சொல்லுங்க. எங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குன்னு கொஞ்சம் நிலம் கேட்டு வாங்கினேன். காட்டை அழிச்ச நிலம். பக்கத்துல மிச்சக் காடு வானம் வரைக்கும் நிக்குது. நாங்க போட்ட கீரை மட்டும் மஞ்சளாப் போயி சாவுது. வருஷம் முடியிறதுக்குள்ள ஏதும் விளையலைன்னா தோட்டத்துத் துரை நிலத்தைத் திரும்ப எடுத்து ரப்பர் நட்டுடுவாரு. அவ்வளவு பெரிய மரம் வளர்ற மண்ணுல கீரை ஏன் வரல?”

டிகிரி மெல்ல நிமிர்ந்தார். “மண்ணுல ஒண்ணும் இல்லீங்க. இங்க பெய்யிற மழைக்கு சத்தெல்லாம் அடிச்சுக்கிட்டுப் போயிடும். காடு அதை மண்ணுல வைக்கிறதில்ல, மரத்துலயே வச்சிருக்கு. இலை விழுந்தா உடனே மக்கி, வேர் உடனே இழுத்துக்கும். நீங்க மரத்தை வெட்டி, இலையைக் கொளுத்தி, வெறும் தரையை மழைக்குக் காட்டிட்டீங்க.”

“அப்போ என்ன செய்யணும்?”

“மூடணும். தரை வெயிலையும் மழையையும் பார்க்கவே கூடாது. நான் வந்து காட்டுறேன்.”

“யாரு உன்னை வரச் சொன்னது?” என்று கிராணி ஐயா கத்தினார்.

“நான்தான்பா” என்றாள் சரஸ்வதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து டிகிரியின் சைக்கிள் குருபோங் பக்கம் போக ஆரம்பித்தது. காய்ந்த இலை, வெட்டிய லாலாங், மாட்டுச் சாணம் என்று பிள்ளைகளோடு அள்ளி அள்ளிப் போட்டு மூடினார். மேட்டுப் பாத்தி கட்டி, மேலே தென்னங்கீற்றால் பந்தல் போட்டு மழையின் வேகத்தை உடைத்தார். கிராணி ஐயா கங்காணியைப்போல் தூரத்தில் கைகட்டி நின்று வேவு பார்த்தார். முதலில் முளைத்தது அத்தனையும் களை. டிகிரி மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை. அந்த நிலம் போய்விட்டால் அவர் இந்த ஊரிலேயே இருக்கமாட்டார் என்று நாங்கள் பயந்தோம்.

பிறகு பூசணி பிடித்தது. துரை வந்து பார்த்துவிட்டு நிலம் இருக்கட்டும் என்று சொல்லிவிட்டார். ஒரு மாதம் கழித்துக் கிராணி ஐயா எங்கள் வாசலில் வந்து நின்றார், இடுப்பில் குழந்தையைப்போல் ஒரு பூசணிக்காயை வைத்துக்கொண்டு.

“பையனுக்குப் படிப்பு கம்மிதான்” என்றார் என் வீட்டுக்காரரிடம், தரையைப் பார்த்தபடி. “ஆனா பதினாறு காய் காய்ச்சிருக்கு லா.”

கல்யாணச் சாப்பாட்டில் சாம்பார் முழுக்கப் பூசணிதான். தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை ஒருமுறை வெளியே போய் வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார். மக்சிக் அழுதார். ஏன் அழுகிறீர்கள் என்றதற்கு, வாடகைக்கு இனி நல்ல ஆள் கிடைக்காது என்று மலாயில் சொன்னார்.

அடுத்த வருஷமே டிகிரிக்குக் கேமரன் மலைக்கு மாற்றலாகிவிட்டது. குளிர் ஊர். தேயிலை, முட்டைக்கோசு, ரோஜா எல்லாம் தானாகவே வளரும் ஊர். இனிமேலாவது நிம்மதியாக இருப்பார் என்று நினைத்தோம். மூன்றாம் மாதம் சரஸ்வதியின் கடிதம் வந்தது.

‘அக்கா, நலம். இங்கே எங்கள் சமையலறையில், அடுப்புக்குப் பக்கத்தில், ஒரு தென்னங்கன்று நிற்கிறது. இந்த ஊர்க் குளிருக்குத் தென்னை வராது என்று எல்லோரும் சொல்லிவிட்டார்களாம், அதனால் வைத்திருக்கிறார். என் கம்பளியை அதற்குப் போர்த்தியிருக்கிறார். எனக்கு வேறு கம்பளி இல்லை. அவரை நீங்கள்தான் கண்டிக்க வேண்டும்.’

என் வீட்டுக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார். கண்டித்து நாலு வரி எழுதிப் போடு என்றார். நான் மறுநாள் சந்தைக்குப் போய் ஒரு கம்பளி வாங்கினேன். அப்படியே தேங்காய்க் கடையில் நின்று, முளை விடுகிற பருவத்தில் இருந்த நெற்றுகளில் நல்லதாக நாலு பொறுக்கி, கம்பளிக்குள் சுற்றி, சாக்கில் வைத்துத் தைத்து அனுப்பினேன். அந்த ஒரு கன்று பட்டுப்போனால் மனுஷர் தாங்கமாட்டார்.