முதலாம் ராசாமணி

நான் ஒரு ராஜாவைக் கண்டுபிடித்திருக்கிறேன். அவர் ஆண்டது ஒன்பது நாள். பத்தாம் நாள், பெண் வீட்டார் முன்னிலையில், மோர் குடித்துக்கொண்டிருக்கும்போதே அவரைப் பதவியிலிருந்து இறக்கிவிட்டார்கள். (என்னையும் சேர்த்துத்தான்.)

எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். எனக்குப் பிடித்த ஒரே பாடம் சரித்திரம். ஆனாலும் அந்தப் புத்தகத்தின் மேல் ஒரு மனத்தாங்கல் உண்டு. மதுரைக்கு ராஜா இருந்தார், தஞ்சாவூருக்கு இருந்தார், செஞ்சிக்குக்கூட இருந்தார். சேலத்துக்கு ஒருவரும் இல்லை. எங்களுக்குக் கிடைத்ததெல்லாம் கலெக்டர்தான்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சூரமங்கலம் ரயிலடியில் பார்சல் குமாஸ்தா. மூட்டைகளோடு பழகுவதில் எனக்குச் சிரமம் இல்லை, அவை பதில் எதிர்பார்ப்பதில்லை. மனிதர்கள் எதிரில் நின்றால் நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அதற்குள் இரண்டு பெண் வீட்டார் வந்து பார்த்துவிட்டு, "பையன் ஊமைங்களா?" என்று அம்மாவிடம் தனியாக விசாரித்துப் போயிருந்தார்கள்.

அந்த ஐப்பசியில் ஏற்காட்டு மலையில் கொட்டிய மழை திருமணிமுத்தாற்றில் வெள்ளமாக வந்து வடிந்தது. வேலை முடிந்து டவுனுக்குப் போனவன், ஆற்றோரச் சேற்றில் ஒரு செப்புக்காசை மிதித்தேன். தேய்ந்த காசு. ஒரு பக்கம் யானை. (அம்மா அதைப் பன்றி என்றாள்.) அவ்வளவுதான், பித்துப் பிடித்துவிட்டது. தினமும் சாயங்காலம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, களைக்கொத்தோடு முழங்கால் சேற்றில் இறங்கிவிடுவேன். ஊர்ச் சாக்கடை முழுவதும் அங்கேதான் வந்து சேர்கிறது என்பது என் மூக்குக்குத் தெரியும். ஆனால் அன்று மூக்கின் பேச்சை யார் கேட்டது?

கரையில் துணி துவைக்கும் மாரப்பன் தினமும் விசாரிப்பான்.

"ஏனுங்க பார்சல் சாமி, ஆறு இன்னிக்கி என்ன பார்சல் அனுப்பிச்சிருக்குதுங்க?"

ஒரு நாள் இரும்பு லாடம் ஒன்று கிடைத்தது. தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, "சேனாபதியோட குதிரை லாடம்" என்றேன்.

மாரப்பன் வாங்கிப் பார்த்தான். "சேனாபதி இப்ப ஜட்கா ஓட்டறாருங்களா? போன வாரந்தான் அந்தக் குதிரை இங்க தண்ணி குடிக்கைல கழட்டிப்போட்டுப் போச்சு."

ஐப்பசி முடிவதற்குள் ராஜா கிடைத்துவிட்டார்.

கொத்து 'டங்' என்று ஒன்றில் பட்டது. பன்னாடை போல வேர் சுற்றிய ஒரு மண் உருண்டை. கழுவினால், உள்ளே பித்தளை! வயிறு உருண்டு கழுத்து ஒடுங்கிய ஒரு கிண்ணம். கழுத்தின் விளிம்பில் ஏதோ ஒடிந்துபோன தழும்பு. (ரத்தினம் பதித்த மூடி இருந்திருக்க வேண்டும் என்று அங்கேயே முடிவு செய்தேன்.) சட்டைக்குள் மறைத்துக்கொண்டு, சேறு சொட்டச் சொட்ட சூரமங்கலம் வரை ஓடினேன்.

புளியும் சாம்பலும் போட்டு இரண்டு நாள் தேய்த்தேன். வயிற்றில் எழுத்துகள் தெரிந்தன. உளியால் புள்ளி புள்ளியாகக் குத்திய எழுத்துகள். எந்தப் புள்ளி எழுத்தைச் சேர்ந்தது, எது சேராதது என்று பிரிக்க முடியவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுத்துக்கூட்டினேன்: மு - ரா - சா - ம - ணி.

முதலாம் ராசாமணி!

எங்கள் ஆற்றின் பெயரிலேயே மணி இருக்கிறது. ராஜாவின் பெயரில் ஏன் இருக்கக் கூடாது? முதலாமவர் இருந்தால் இரண்டாமவரும் இருந்திருப்பார். ஒரு வம்சமே என் கைக்குள் அடங்கிவிட்டது. எங்கள் வீட்டுக் குடத்தில் அம்மாவின் பெயரும் இதே போலப் புள்ளி புள்ளியாகத்தான் வெட்டியிருந்தது. தினமும் அதில்தான் தண்ணீர் குடித்தேன். ஆனாலும் உறைக்கவில்லை. அன்றிலிருந்து மோர் குடிப்பதை மட்டும் ராஜாவின் கிண்ணத்துக்கு மாற்றிக்கொண்டேன்.

பத்தாம் நாள், வெண்ணந்தூரிலிருந்து மூன்றாவது பெண் வீட்டார் வந்தார்கள். மாமா முதல் நாளே என்னைப் பிடித்து எச்சரித்திருந்தார்.

"இந்த எடமும் தட்டிப்போச்சுன்னா உங்கம்மா தாங்க மாட்டாடா. வாயத் தொறந்து ரண்டு வார்த்தை பேசோணும். என்ன வேணா பேசு, ஆனாப் பேசு!"

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். பேசுவது என்று தீர்மானித்தேன்.

பெண்ணின் அப்பாவும் அவருடைய தங்கையும் வந்தார்கள். அந்த அம்மாள் என் அம்மாவோடு சமையல்கட்டுக்குள் போய்விட்டார். பெரியவர் கூடத்தில் உட்கார்ந்து, துண்டால் விசிறிக்கொண்டு, "வெய்யலு சாஸ்திங்க" என்றார்.

நான் உள்ளே போய் ராஜாவின் கிண்ணத்தில் மோர் ஊற்றி வந்து இரண்டு கையாலும் நீட்டினேன்.

"குடிங்க. இது ராஜா குடிச்ச கிண்ணமுங்க."

அவர் ஒரு மடக்குக் குடித்துவிட்டு நிமிர்ந்தார். "எந்த ராசாங்க?"

கேட்டுவிட்டாரே! இருபத்து மூன்று வருஷமாக அடைத்துக்கிடந்த மடை திறந்துகொண்டது. ராஜாவின் வீரம், கோட்டை, யானைப் படை (காசில் இருந்த பன்றியைப் படையாக்கிவிட்டேன்), பகைவர் கையில் சிக்காமல் கிண்ணத்தை ஆற்றில் வீசிய பட்டத்து ராணி... மாமா வாயைப் பிளந்து உட்கார்ந்திருந்தார். பெரியவர் 'அப்படீங்களா' என்று ஒவ்வொரு மடக்காகக் கிண்ணத்தையே காலி செய்துவிட்டார். கடைசியில் பெயரைச் சொன்னேன்.

"முதலாம் ராசாமணி."

உள்ளே இருந்து அவர் தங்கை எட்டிப் பார்த்தார். "என்ற பேர ஆருங்க கூப்புட்டது?"

வந்தார். கிண்ணத்தைப் பார்த்தார். வாங்கித் திருப்பினார். அடியில் இருந்த ஒரு நெளிவை விரலால் தடவினார்.

"அண்ணா, இதுலயா மோர் குடிச்சீங்க?"

"ஏன் சாமி?"

"இது என்ற கண்ணாலத்துக்கு நம்மய்யன் சீர் வெச்ச படிக்கமுங்க!"

படிக்கம் என்றால் வெற்றிலை எச்சில் துப்பும் பாத்திரம். அகலமான வாய்த்தட்டு ஒடிந்துபோய் வயிறு மட்டும் மிஞ்சியிருந்ததைத்தான் நான் கிண்ணமாக்கியிருந்தேன். 'மு' முதலாம் இல்லை. அவர்களுடைய அப்பா முத்துசாமி.

பெரியவர் எழுந்து வாசலுக்கு ஓடினார். ஒரு செம்பு தண்ணீரில் வாய் கொப்பளித்தார். மாமா இன்னொரு செம்பு கொண்டுபோனார். அதையும் கொப்பளித்தார். அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் எங்கே ஒளிவது என்று தெரியாமல் கதவின் பின்னால் போய் நின்றேன். ஒன்பது நாளாக நானும் அதில்தான் குடித்தேன் என்பது அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

வாசலிலிருந்து திரும்பி வந்தவர் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "கெளம்பு ராசாமணி. போலாம்."

அந்த அம்மாள் அசையவில்லை. கண் கலங்கியிருந்தது.

"இருங்கண்ணா. நானு டவுனுக்கு வாக்கப்பட்டு வந்த ரண்டாம் மாசம், ஆத்துல ஏனங் கழுவைல இது போச்சு. பொறந்த ஊட்டுக்குத் திருட்டுத்தனமாக் குடுத்துப்போட்டேன்னு எங்க மாமியா இருவது வருசமாச் சொல்லிச் சொல்லிக் காட்டறாங்க. நேத்து கூடச் சொன்னாங்க. இந்தப் பையன் சேத்துல எறங்கலீன்னா நான் சாகற மட்டும் திருடிதானுங்க."

பெரியவர் படிக்கத்தை வாங்கி, அதிலிருந்த 'மு'வைத் தடவிப் பார்த்தார். பிறகு கதவிடம் பேசினார்.

"மாப்ள, வெளிய வாங்க. பொண்ணக் குடுக்கறேன். மோர் மட்டும் எனக்குக் குடுக்காதீங்க."

இதெல்லாம் நடந்து பதினைந்து வருஷம் ஆகிறது. கன்னானிடம் புது வாய்த்தட்டு வைத்து, எங்கள் கல்யாணத்துக்கு அந்தப் படிக்கத்தையே சீராக அனுப்பினார் என் மனைவியின் அத்தை. இந்த உலக யுத்த காலத்தில் பித்தளைக்கு இருக்கும் தட்டுப்பாட்டில் எத்தனையோ பேர் கேட்டும் என் மனைவி அதைக் கொடுக்கவில்லை. எங்கள் வீட்டில் யாரும் வெற்றிலை போடுவது கிடையாது. ஆனாலும் அதற்கு வேலை இருக்கிறது. விருந்தாக வந்த ஒறம்பரையிடம் நான் உற்சாகமாகச் சரித்திரம் பேச ஆரம்பித்தால், அவள் எழுந்துபோய் ராசாமணியைக் கொண்டுவந்து என் முன்னால் வைப்பாள்.

நான் வாயை மூடிக்கொள்வேன்.