மாடிக்கு ஒரு சட்டம்

உலகத்தில் சொந்த வீடு உள்ளவர்கள் உண்டு, வாடகை வீட்டில் இருப்பவர்கள் உண்டு. இரண்டு கூட்டத்திலும் முழுசாகச் சேராத மூன்றாவது இனம் ஒன்றும் உண்டு. கீழே தான் குடியிருந்துகொண்டு மாடியை வாடகைக்கு விடுகிறாரே, அவர். வீடு முழுக்க அவருடையது. ஆனால் பாதி வீட்டுக்குள் போகக் கதவைத் தட்ட வேண்டும். தலைக்கு மேல் யாரோ நடக்கிற சத்தத்தில் சாப்பிட்டு, யாரோ நாற்காலி இழுக்கிற சத்தத்தில் தூங்கி, யாரோ பக்கெட் உருட்டுகிற சத்தத்தில் விழித்து, மாதத்தின் முதல் தேதி மட்டும் அத்தனை சத்தத்தையும் மன்னித்துவிடுகிற ஜீவன். உங்கள் தெருவிலும் ஒருவர் இருப்பார், எட்டிப் பாருங்கள்.

எங்கள் தெருவில் இருப்பவர் எனக்கு அடுத்த வீட்டுக்காரர். கீழ்வீட்டார் என்று சொன்னால்தான் தபால்காரருக்கே தெரியும். எங்கள் இருவருக்கும் நடுவில் இருப்பது இடுப்பளவுச் சுவர். அது கண்ணையே மறைப்பதில்லை, காதை எங்கே மறைக்கப்போகிறது? ஆகவே நான் சொல்லப்போவது பெரும்பாலும் நேரில் கேட்டது. மிச்சம் அவர் மனைவி என் மனைவியிடம் சொன்னது.

கீழ்வீட்டார் தைரியசாலி. ஒருமுறை வெறிபிடித்த நாய் ஒன்று தெருவுக்குள் ஓடிவந்தபோது நாங்களெல்லாம் கேட்டைச் சாத்திக்கொண்டோம். அவர் மட்டும் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு அதற்கு எதிரே போய் நின்றார். அப்பேர்ப்பட்ட மனிதருக்கு ஒரே ஒரு பயம். குடிவந்தவர் காலி செய்ய மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால்?

அவரோடு காலையில் நடக்கப் போகும் நண்பர்கள் இந்தப் பயத்துக்குத் தினமும் தீனி போட்டார்கள். யாரோ ஒருவர் பாவப்பட்டு வீடு கொடுத்தாராம், வந்தவர் முப்பது வருஷம் நகரவே இல்லையாம், கோர்ட்டுக்கும் வீட்டுக்கும் அலைந்தே வீட்டுக்காரர் கண்ணை மூடிவிட்டாராம், துக்கம் விசாரிக்க வந்த குடித்தனக்காரர், அழுதுகொண்டிருந்த மகனைத் தனியே கூப்பிட்டு, "இனிமே வெள்ளையடிக்கிறதைப் பத்தி உங்ககிட்டதானே பேசணும்?" என்று கேட்டாராம். இந்தக் கதையைக் கேட்டுவிட்டு வந்த அன்று கீழ்வீட்டார் சரியாகச் சாப்பிடவில்லை. "இடத்தைக் குடுத்தா மடத்தைப் பிடுங்குவான்னு பெரியவங்க சும்மாவா சொன்னாங்க?" என்று மனைவியிடம் புலம்பினார்.

ஆகவே குடிவைப்பதற்கு முன் அவர் நடத்துகிற விசாரணை இருக்கிறதே, பெண் கொடுப்பவர்கூட அவ்வளவு விசாரிக்க மாட்டார். வந்தவர் வக்கீலா? வேண்டாம், அவருக்குச் சட்டம் தெரியும். போலீஸா? வேண்டவே வேண்டாம், சட்டத்துக்கு அவரைத் தெரியும். பத்திரிகைக்காரரா? எழுதிவிடுவார். கல்யாணம் ஆகாதவரா? நண்பர்கள் வருவார்கள். ஆனவரா? மாமனார் மாமியார் வருவார்கள். குழந்தை இருந்தால் சுவரில் கிறுக்கும். குழந்தை இல்லையென்றால், "ஏன் இல்லை?" இப்படியே சலித்துச் சலித்து, கடைசியில் சல்லடையில் ஒருவருமே தங்காமல், மாடி பல மாதம் பூட்டியே கிடக்கும். அப்போதும் அவர் வாயிலிருந்து வருவது, "ஆள் சரியா அமையலை சார், வீட்டுக்கு என்ன அவசரம்?" என்பதுதான். வீட்டுக்கு அவசரமில்லை. வீடு கட்ட வாங்கிய கடனுக்கு இருந்தது.

குடிவந்த பிறகு அவர் பேசுகிற பேச்சு தனி. நாலைந்து வாக்கியங்கள்தான், வருஷம் முழுவதற்கும் அவையே போதும். மேலே சுவரில் ஆணி அடித்தால், "நெஞ்சுல அடிச்ச மாதிரி இருந்துது தம்பி." குளியலறையில் தண்ணீர் ஒழுகினால், "நாங்க இருந்தவரைக்கும் ஒழுகலையே?" ஒழுகலைப் பார்க்க வருவார், வராமல் இல்லை, நல்ல வெயில் நாளாகப் பார்த்து வருவார். சுவரைத் தடவிப் பார்த்து, "எங்கே? காஞ்சுதானே இருக்கு?" என்பார். வாடகைக்கு ரசீது கேட்டால் முகம் வாடிவிடும். "நமக்குள்ள எதுக்கும்மா ரசீது? அந்நியமாப் பேசுறீங்களே." வருமான வரிக்காரர்களும் அவருக்கு அந்நியர்கள்தான் என்பதை அவர் சொல்வதில்லை. "உங்களை நான் வாடகைக்கு இருக்கிறவங்களாவே நினைக்கலை, எங்க குடும்பத்துல ஒருத்தராத்தான் நினைக்கிறேன்" என்று அவர் உருகினால் மட்டும் மேலே இருப்பவர்கள் உஷாராகிவிடுவார்கள். மறுநாள் வாடகை ஏறும்.

அவர் பக்கமும் ஒரு நியாயம் இருக்கிறது, அதை மறைத்தால் பாவம். வீட்டு வரி, தண்ணீர் வரி, சாக்கடை வரி என்று கட்டுகிறவர் அவர். முன்பு மாடியில் இருந்த ஒரு மனிதர் காலி செய்துவிட்டுப் போன பிறகு மேலே போய்ப் பார்த்தால், பல்பைக் காணோம், பல்பு மாட்டுகிற ஹோல்டரைக் காணோம், குளியலறைக் குழாயைக் காணோம்; குழாய் இருந்த ஓட்டையில் ஒரு கேரட்டைச் செருகியிருந்தார்கள். மின்சாரக் கட்டணம் பாக்கி. கேட்கப் போனால் கொடுத்த முகவரியில் பெட்ரோல் பங்க் இருந்தது. சூடு கண்ட பூனை அவர். ஆனால் பாலை வைத்தவர் ஒருவர், பழி சுமப்பவர் அடுத்து வருபவர் என்று ஆகிவிட்டது, அதுதான் வேடிக்கை.

அப்படி அடுத்து வந்தவர்கள் ஒரு பேருந்து ஓட்டுநர், ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் அவர் மனைவி, பள்ளி இறுதி வகுப்புப் படிக்கும் ஒரே மகள். வாடகை தேதி தவறாது. ஆணி கிடையாது, காலண்டரைக்கூட ஜன்னல் கம்பியில் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். கீழ்வீட்டார் மனைவிக்கு ரத்த அழுத்தம் பார்த்துச் சொல்வது நர்ஸம்மாதான். இப்படிப்பட்டவர்கள் கிடைத்தால் வேறு எவராவது நிம்மதியாகத் தூங்குவார். நம்முடைய ஆள் எப்படித் தூங்குவார்? அவருக்கு இவர்கள் ரொம்ப நன்றாக இருப்பதே சந்தேகமாக இருந்தது.

இந்த நேரம் பார்த்து வீட்டுத் தரகர் ஒருவர் வந்து சேர்ந்தார்.

"சார், பழைய வாடகையை வச்சுக்கிட்டுத் தூங்கிட்டு இருக்கீங்க. ஒரு கம்பெனி மேனேஜர் இருக்கார், நீங்க வாயைத் திறந்து கேட்டதைக் குடுப்பார். ஆனா இந்த மாசக் கடைசியில சாவி வேணும்."

நடைக்கூட்டத்தில் கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர் ஒருவர் உண்டு. அவரிடம் கீழ்வீட்டார் யோசனை கேட்டார். "வாடகை பத்தலைன்னு சொன்னீங்கன்னா பேச்சு வளரும். சொந்த உபயோகத்துக்கு வேணும்னு சொல்லிடுங்க. அதுக்கு மேல எவனும் வாயைத் திறக்க முடியாது" என்றார் குமாஸ்தா.

அன்று சாயங்காலமே கீழ்வீட்டார் படியேறினார். நான் என் பக்கம் செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கும் வரை ஒரே செடிக்குத்தான் ஊற்றினேன்.

"தப்பா நினைச்சுக்காதீங்க தம்பி. எங்க பொண்ணு குடும்பத்தோட இங்கேயே வந்துடறா. மாடி தேவைப்படுது."

"சந்தோஷம் சார். எப்ப வர்றாங்க?" என்றார் ஓட்டுநர்.

"இந்த மாசக் கடைசியில."

பிறகு நர்ஸம்மாவின் குரல். "சார், பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. அது முடிஞ்ச மறுநாளே சாவியைக் குடுத்துடறோம். நடுவுல வீடு மாத்தினா பொண்ணு படிப்பு கெட்டுடும். அவ பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்துல வேற வீடும் கிடைக்கலை."

"எனக்கு மட்டும் மனசு இல்லையாம்மா? பெத்த பொண்ணு வர்றேங்கிறா. தெருவுலயா நிக்கச் சொல்ல முடியும்?"

அந்தப் பெண் தினமும் மாடிப்படியின் மேல் வளைவில் உட்கார்ந்து, காதைப் பொத்திக்கொண்டு பாடம் படிப்பதைப் பார்க்கிறவன் நான். அன்று புத்தகம் மடியில் இருந்தது, பக்கம் புரளவில்லை. சுவர் ஏறிக் குதித்துக் கேட்டுவிடலாமா என்றுகூடத் தோன்றியது. கேட்கவில்லை; நானும் வாடகைக்கு இருப்பவன்தான்.

ஓட்டுநர் வீடு தேட ஆரம்பித்தார். பஸ் ஓட்டிக் களைத்து வந்தவர் உடையைக்கூட மாற்றாமல் தெருத்தெருவாக அலைந்தார். போன இடமெல்லாம் ஒரு கீழ்வீட்டார் உட்கார்ந்துகொண்டு, பொண்ணு படிக்கிறாளா, படிச்சு என்ன செய்யப்போறா என்று விசாரித்தார்.

இப்படியிருக்கையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கீழ்வீட்டாருக்குப் போன் வந்தது. அவருடைய செல்போனுக்கு வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. மாடிப்படியின் மூன்றாவது படியில் ஏறி நின்றால்தான் கிடைக்கும். அங்கே நின்றும் தூரத்து ஊரில் இருக்கும் மகளோடு பேசுவதால் அவ்வளவு தூரம் கேட்கிற மாதிரியே பேசுவார்.

"என்னம்மா, ஏன் அழறே?... யாரு, வீட்டு ஓனரா?... காலி பண்ணச் சொன்னானா? எதுக்கு?... அவன் பையன் வெளிநாட்டுல இருந்து வர்றானாமா?"

இங்கே கீழ்வீட்டார் ஒரு சிரிப்புச் சிரித்தார். நாடகத்தில் வில்லனைக் கண்டுபிடித்துவிட்ட துப்பறிகிறவர் அப்படித்தான் சிரிப்பார்.

"பையனும் வரலை, ஒருத்தனும் வரலை! எவனோ தரகன் வந்து வாடகை அதிகமாத் தர்றேன்னு ஆசை காட்டியிருப்பான். அதுக்குத்தான் இந்தக் கதை. எல்லா வீட்டுக்காரனும் சொல்ற பொய்தாம்மா இது! நீ நம்பிட்டியா?... குழந்தைக்குப் பள்ளிக்கூடம் நடக்குதுன்னு சொன்னியா?... அதுக்கும் முடியாதுன்னானா? மனுஷனா அவன்? படிக்கிற பிள்ளையை வருஷ நடுவுல துரத்துறவன் உருப்படுவானா?... இரு, நான் சொல்றதைக் கேளு. வாடகைக்கு ரசீது குடுக்கிறானா?... இல்லையா! ரசீது இல்லாம இனிமே பைசா குடுக்காதே. கேளு, அது உன் உரிமை. ஒழுகுற இடத்தையெல்லாம் போட்டோ எடுத்து வை. ஆணி அடிச்சதுக்குத் திட்டினானா? குடியிருக்கிறவங்க படம் மாட்டாம தலையிலயா தூக்கிட்டு நிப்பாங்க?... பயப்படாதே. முறையா நோட்டீஸ் குடுக்காம உன்னை ஒரு அடி நகர்த்த முடியாது அவனால. சட்டம் அப்படி. நீ அங்கேயே இரு. எங்கேயும் வர வேண்டாம். அப்பா சொல்றேன், அசையாதே!"

போனை வைத்துவிட்டு, ஒரு பெரிய வழக்கை ஜெயித்த களைப்போடு வியர்வையைத் துடைத்தார். பிறகு நிமிர்ந்தார். மேல்படியில் நர்ஸம்மா ஈரத்துணிப் பக்கெட்டோடு நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் ஓட்டுநர். இன்னும் பின்னால், காதிலிருந்து கையை எடுத்துவிட்ட மகள்.

நர்ஸம்மா கோபப்படவில்லை. ஆஸ்பத்திரியில் ஊசி போடுகிறவர்களுக்கு, வலிக்காத மாதிரி பேசத் தெரியும்.

"சார், பொண்ணு அங்கேயே இருக்கப் போறாங்க போல. நல்ல யோசனைதான் சொன்னீங்க. அப்ப மாடி இப்போதைக்குத் தேவைப்படாது, இல்லையா?"

கீழ்வீட்டார் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். "அது வேற விஷயம்மா" என்றார். எப்படி வேறு என்று அவர் சொல்வதற்குள் சமையலறை ஜன்னலிலிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

"ஏங்க, இறங்கி வாங்க. படிக்கிற பிள்ளையைத் துரத்துறவன் உருப்பட மாட்டான்னு நீங்கதானே சொன்னீங்க? உருப்படியா வந்து சாப்பிடுங்க."

அவர் இறங்கினார். மேனேஜர் வேறு தெருவில் வீடு பார்த்துக்கொண்டார். ஓட்டுநரின் மகள் அதே வளைவில் உட்கார்ந்து படித்து, பரீட்சை எழுதி, நன்றாகவே தேறினாள். மாதாமாதம் ரசீது எழுதி நர்ஸம்மா நீட்டுகிறார், கீழ்வீட்டார் கையெழுத்துப் போடுகிறார். தூரத்து ஊரில் அவருடைய மகளும் அசையவில்லை என்று கேள்வி.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தீர்களா? நேற்றுச் சுவரோரம் நின்று என்னிடம் சொன்னார்: "பாருங்க சார், எங்க பொண்ணைக் காலி பண்ணச் சொன்னான் ஒருத்தன். சட்டத்தைச் சொன்னேன், அடங்கிட்டான். இங்க மாடியில பாருங்க, படிக்கிற பொண்ணு இருக்குதேன்னு நானே மனசு இரங்கி இருக்கச் சொல்லிட்டேன். எல்லாரும் நம்மள மாதிரி இருப்பாங்களா?" இருக்க மாட்டார்கள் என்றேன். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இரண்டு குடத்தையும் தானே உடைத்துவிட்டு இரண்டுக்கும் பாராட்டு வாங்குகிறவரை நான் இப்போதுதான் பார்க்கிறேன்.

எனக்குத் தெரியும், நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. உங்களுக்கு மாடி இருந்தாலும் மனசும் இருக்கிறது. மாடி இல்லையென்றால் பேச்சே இல்லை. இதைப் படித்ததும் உங்கள் வீட்டுக்காரரிடம் காட்ட வேண்டும் என்று கை துறுதுறுக்கிறதா? தாராளமாகக் காட்டுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார், விழுந்து விழுந்து சிரிப்பார். அடுத்த தெருவில் இருக்கும் யாரையோ நினைத்துக்கொண்டுதான் சிரிப்பார். நீங்களும் இவ்வளவு நேரம் வேறு யாரையோ நினைத்துக்கொண்டுதானே சிரித்தீர்கள்?