சகலையின் கார் பூஜையும் என் கிளட்சும்

சகலை என்ற உறவை ஏற்படுத்திய புண்ணியவான், மனிதனுக்கு வயிற்றெரிச்சல் குறையவே கூடாது என்று உட்கார்ந்து யோசித்திருக்கிறான். என் மனைவியின் தங்கை கணவர் பாஸ்கர் ரொம்ப நல்லவர். அதுவே பெரிய பிரச்சினை. போதாக்குறைக்கு டர்போ வைத்த புத்தம்புதுக் கார் வேறு வாங்கினார். என்னுடையது ஒன்பது வயது மேனுவல் வண்டி. (கார் வைத்திருக்க அரசாங்கம் தரும் அனுமதியே பத்து வருஷத்துக்குத்தான் என்பதால், இந்த ஊரில் அதற்குள் பாதிக் கார்களுக்குக் காரியமே முடிந்துவிடும்.) மாமியார் வீட்டில் நான் கட்டிக்காத்த மூத்த மாப்பிள்ளை மரியாதை அந்தக் காரோடு போய்விடும் போலிருந்தது.

அந்த வாரம் பார்த்து என் கிளட்ச் தகராறு செய்தது. பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போனது, மெதுவாகத்தான் மேலே வந்தது. ஒர்க்‌ஷாப் அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு, கிளட்ச் எண்ணெய் எங்கோ கசிகிறது, வண்டியை விட்டுவிட்டுப் போ என்றார். விட்டால் சனிக்கிழமை பாஸ்கரின் கார் பூஜைக்கு நான் பஸ்ஸில் போக வேண்டும். தவிர, கசிவதெல்லாம் குழாய்க்கு வரும் வியாதி. எனக்குக் கொஞ்சம் கௌரவமான வியாதி தேவைப்பட்டது.

செங்காங்கில் எங்கள் அடுக்குமாடி புளோக் கார்பார்க்கில் பெடலை நாலு மிதி மிதித்து நானே முடிவு கட்டினேன். என் எஞ்சினின் சக்தியைக் கிளட்ச் தட்டு தாங்கவில்லை! தேக்காவில் குடும்பத்தோடு பரோட்டா சாப்பிடும்போது இதை அறிவித்தேன். பெரிய கிளட்ச் போடப்போகிறேன், அப்படியே டர்போவும் என்றேன். (சட்டம் அனுமதிக்குமா, மனைவி அனுமதிப்பாளா என்று எதையும் விசாரிக்கவில்லை.) மாமியார், இருப்பது ஓடினால் போதும் என்றார். பாஸ்கர் மனசாரப் பாராட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

சனிக்கிழமை காலை, காத்தோங் பிள்ளையார் கோயில் வாசல். பாஸ்கரின் காருக்கு மாலை, சந்தனம், ஒவ்வொரு சக்கரத்துக்கு முன்னாலும் ஓர் எலுமிச்சம்பழம். அவர் எஞ்சினை ஓடவிட்டு, பிரேக்கை மிதித்தபடி, குருக்கள் தலையசைக்கக் காத்திருந்தார். பின்னால் நின்ற என் வண்டியை ஒரு ஈ காக்காய்கூடப் பார்க்கவில்லை. எனக்குத் தாங்கவில்லை. உள்ளே ஏறி உட்கார்ந்து, ஒரு தோரணைக்காக முதல் கியரையும் போட்டு, கிளட்சை அழுத்திப் பிடித்துக்கொண்டு எஞ்சினை உறுமவிட்டேன். இரண்டாவது உறுமலில் மாமியாரே திரும்பிப் பார்த்தார். மனசு குளிர்ந்தது.

மூன்றாவது உறுமலில் பெடலில் பிடிப்பே இல்லை. எண்ணெயின் அழுத்தம் போனால் கிளட்ச் தானாகவே பிடித்துக்கொள்ளும் என்பதை வண்டி எனக்குச் செய்தே காட்டியது. ஒரே தாவல். புதுக் காரின் முதுகில் டமார். பாஸ்கர் பதறிப்போய் பிரேக்கிலிருந்து காலை எடுக்க, கார் உருண்டு நாலு பழங்களையும் நசுக்கிவிட்டு நின்றது. நல்லவேளை, முன்னால் யாரும் இல்லை.

"இன்னும் கற்பூரமே ஏத்தலையே," என்றார் குருக்கள்.

பாஸ்கர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். மனுஷன் வேட்டியை மடித்துக் கட்டி என் வண்டிக்குக் கீழே குனிந்தார்.

"கீழ கிளட்ச் சிலிண்டர் ஈரமா இருக்கு அண்ணே. சின்ன ரப்பர் சீல் போயிருக்கும். எஞ்சினுக்கெல்லாம் ஒண்ணும் இல்ல லா."

தன் காரின் நெளிசலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. மாமியார் அவரைப் பார்த்த பார்வையில் அத்தனை பெருமை. பாவி, அன்றைக்கும் அவரே ஜெயித்தார்.

அதிலிருந்து எங்கள் குடும்பத்தில் யார் வண்டி வாங்கினாலும், என் கார் சாவி மாமியாரின் கைப்பைக்குள் போன பிறகுதான் பூஜை. போன மாதம் பாஸ்கர் மகளின் சைக்கிளுக்குப் பூஜை போட்டார்கள். இருபத்தொரு கியர். (என் வண்டிக்கு ஐந்துதான்.) நான் எம்ஆர்டி ரயிலில்தான் போயிருந்தேன். ஆனாலும் மாமியார் கையை நீட்டினார். கார் கொண்டுவரவில்லை, சாவியும் இல்லை என்றேன். அவர் என்னைப் பார்த்தார், நான் பார்த்துக்கொண்டிருந்த சைக்கிளையும் பார்த்தார்.

"சரி மாப்பிள்ளை. எதுக்கும் நீங்க கொஞ்சம் தள்ளியே நில்லுங்க."